தலைமன்னார்த் துறையும் லால் பகதூர் சாஸ்திரியாரும்

நமது மன்னார்த் தீவின் மேற்கு முனையாகிய தலைமன்னாருக்கும் அக்கரையிலுள்ள தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் கடல் ஏறத்தாழ இருபது மைல் அகலமே. இடையிடையே மணற்றிட்டுகள் தலைகாட்டும் இந்த ஆழமற்ற நீரைத் தாண்டி எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் வந்தனர், சென்றனர் என்று எவராலும் கணக்கிட இயலாது. திருஞானசம்பந்தப் பெருமான் இராமேச்சரத்தையும் பாடினார். நமது திருக்கேதீச்சரத்தையும் பாடினார். அவருடைய திருவுள்ளத்திலே இவை இரு வேறு நாட்டுத் தலங்களாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. 1914ஆம் ஆண்டு தொடக்கம் தலைமன்னார்ப் பியருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. கொழும்புக் கோட்டையில் சென்னைக்கு ரிக்கற்று எடுத்தவர், புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் என்று ஒரே பிரயாணமாகப் போய்ச் சேர்ந்தார்.

இத்துணை நெருங்கிய இரு நாடுகள், சுதந்திரம் பெற்ற பின்னர் ஒன்றோடொன்று போர் தொடுத்ததில்லை. ஆசிய நாடுகளின் மாநாடுகளிலும் அணிசேரா நாடுகளின் கூட்டங்களிலும் அவை அருகருகே அமர்ந்தன. ஆயினும் நெடுங்காலம் அவற்றுக்கிடையே ஓர் ஐயம் இருந்து வந்தது. பகைவருக்கிடையே எழும் ஐயத்துக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. நண்பருக்கிடையே எழும் ஐயமோ, வெளியிலே புன்னகையும் உள்ளே புகைச்சலுமாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அதனைத் தீர்க்க 1964ஆம் ஆண்டில் ஒருவர் முன்வந்தார். பெரும்பகுதி தீர்த்தும் வைத்தார். அவர் தீர்த்து வைத்த முறையின் பாரம் நமது தலைமன்னார்த் துறை வழியாகவே கப்பலேறிப் போயிற்று. ஆதலால் லால் பகதூர் சாஸ்திரியாரின் சரித்திரத்தை இம்மலரில் எழுதப் புகுந்த நாம், அவரை இந்தியாவின் இரண்டாவது பிரதமர் என்ற அளவில் மாத்திரம் நோக்காது, நமது கரையின் சரித்திரத்தோடு பிணைந்த ஒருவராகவும் நோக்க விரும்புகிறோம்.

சாஸ்திரியார் 1904ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆந் திகதி, காசிக்கு அணித்தான முகல்சராய் என்னும் ஊரிலே பிறந்தார். மகாத்மா காந்தி பிறந்த திகதியும் அதுவே. தந்தையார் சாரதாப் பிரசாத், பள்ளி ஆசிரியராயிருந்து பின்பு அரசாங்க எழுதுவினைஞரானவர். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவர் காலமாகிவிட்டார். தாயார் ராம்துலாரி தேவி பிள்ளைகளுடன் தம் பிறந்தகத்தைச் சென்றடைந்தார். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை பிறர் முகக்குறிப்பை அறிந்து நடக்க விரைவில் பழகிவிடும். அது மெல்லப் பேசும். தன் தேவையைக் கடைசியாகவே சொல்லும். பிற்காலத்தில் மந்திரியாகவும் பிரதமராகவும் இருந்தபோது சாஸ்திரியாரிடம் எவரும் கண்ட குணங்கள் இவையே. உயரமோ ஐந்தடிக்குச் சற்று மேல். கூட்டத்தில் நின்றால் கண்ணுக்குப் படாத உருவம்.

சாஸ்திரி என்பதை நம்மவர் பலர் குலப்பெயர் என்று நினைப்பதுண்டு. அது அவர் படித்துப் பெற்ற பட்டம். குலத்தைக் காட்டும் பெயரை அவர் இளமையிலேயே நீக்கிவிட்டார். 1921ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் மூண்டபோது, பதினாறு வயது மாணாக்கராயிருந்த அவர் அரசாங்க ஆதரவு பெற்ற பள்ளியை விட்டு வெளியேறினார். பின்பு தேசியவாதிகள் நிறுவிய காசி வித்தியாபீடத்திற் சேர்ந்து, 1925இல் சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். லாலா லஜபதி ராய் தொடங்கிய மக்கள் பணியாளர் சங்கத்தில் ஆயுள் அங்கத்தவராகித் தீண்டப்படாதார் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்களிடையே வேலை செய்தார். 1928இல் லலிதா தேவியாரை மணந்தார். சீதனமாகப் பெற்றவை ஒரு இராட்டையும் சில முழக் கதர்த்துணியுமே. சீதனப் பேச்சு முற்றி முறியும் திருமணங்களை ஆண்டுதோறும் காணும் நம்மவர் இதை மறுமுறையும் வாசிப்பார்களாக. சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்று பல ஆண்டுகள் உள்ளே இருந்தார். அங்கே வீணே இராது, விஞ்ஞானி மேரி கியூரி அம்மையாரின் சரித்திரத்தை இந்தியில் மொழிபெயர்த்தார்.

சுதந்திரத்தின் பின் ஐக்கிய மாகாணத்தில் பொலிசு, போக்குவரத்து மந்திரியானார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீச்சுவித்ததும், பஸ்களில் பெண்களை நடத்துநர்களாக நியமித்ததும் அப்பதவியில் அவர் செய்தவை. 1952இல் நேருஜியின் மந்திரிசபையில் புகையிரதப் பகுதி அவருக்குக் கிடைத்தது.

இனி, தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு துயரச் செய்தி. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் திகதி அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற கடுகதிப் புகையிரதம் அரியலூர் அருகே, மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துச் சென்ற இடத்தில் கவிழ்ந்தது. நூற்றைம்பது பேர் அளவில் மாண்டனர். பாலத்தை அரித்தது வெள்ளம், மந்திரியல்லர். சில மாதங்களுக்கு முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் இராசினாமாக் கொடுத்திருந்தார், நேருஜி ஏற்கவில்லை. இம்முறை சாஸ்திரியார் விடாப்பிடியாக நின்று பதவியை விட்டு விலகினார். இதைப் பற்றி எழுதாத சாஸ்திரி சரித்திரமே இல்லை. ஆயினும் பலரும் அதனை ஒழுக்கத்துக்கு உதாரணமாக மட்டும் காட்டிப் போய்விடுகின்றனர். எமக்கு அதிலே ராஜதந்திரத்தின் ஒரு வேர் தெரிகிறது. தம்மீது பொறுப்பை முந்திக்கொண்டு ஏற்பவரை மற்றவர் நம்பத் தொடங்குகின்றனர். அந்நம்பிக்கையே பேச்சுவார்த்தை மேசையில் அவருக்கு முதலாகிறது.

அந்த முதலை அவர் செலவிட்ட முதற் பெருஞ் சந்தர்ப்பம் காஷ்மீரத்தில் வாய்த்தது. 1963 டிசெம்பர் 27ஆந் திகதி, ஸ்ரீநகரிலுள்ள ஹஸ்ரத்பால் பள்ளிவாசலில் வைத்துப் போற்றப்பட்ட நபிகள் நாயகத்தின் திருமுடி காணாமற் போயிற்று. காஷ்மீரம் கொந்தளித்தது. ஒரு வாரத்தில் திருமுடி மீண்டும் கிடைத்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் அது உண்மையான திருமுடிதானா என்று எவரும் நம்பவில்லை. பெரியார்களை அழைத்துப் பார்வையிடச் செய்ய அதிகாரிகள் அஞ்சினர். அவர்கள் இல்லையென்று சொல்லிவிட்டால் நாடே பற்றியெரியுமே என்பது அவர்கள் கணக்கு. அங்கே அனுப்பப்பட்ட சாஸ்திரியார் வேறு கணக்குப் போட்டார். நம்பாதவரிடம் நம்பு என்று சொல்லிப் பயனில்லை; அவரையே பார்க்க விடவேண்டும். 1964 பெப்ரவரி 3ஆந் திகதி முஸ்லிம் பெரியார்கள் பார்வையிட்டு, அதுவே திருமுடி என்று ஏற்றனர். கொந்தளிப்பு அடங்கியது.

இந்நிகழ்ச்சியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஐயப்படுகிறவர்களையே அழைத்து, அவர்கள் கண்ணால் பார்த்து, அவர்கள் வாயால் சொல்லும்படி செய்ததனாலேதான் அங்கே ஐயம் தீர்ந்தது.

1964 மே மாதம் 27ஆந் திகதி நேருஜி மறைந்தார். அப்போது காங்கிரசின் தலைவராயிருந்த காமராசர் எல்லோரையும் கலந்து பேசிச் சாஸ்திரியாரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். ஜூன் 9ஆந் திகதி அவர் பிரதமரானார். பதவியேற்ற சில நாட்களிலேயே மாரடைப்புக் கண்டது. உடல்நிலை இடந்தராமையால் ஜூலையில் இலண்டனில் நடந்த பொதுநலவாயப் பிரதமர்கள் மாநாட்டுக்கும் செல்ல முடியவில்லை. ஆயினும் அண்டை நாடுகளுடனான பிணக்குகளைத் தீர்ப்பதை அவர் தள்ளிவைக்கவில்லை. நேருஜி உலகத்தை நோக்கினார். சாஸ்திரியார் வேலிக்கப்பால் இருந்த வீடுகளை நோக்கினார் என்று சொன்னால் அது மிகையாகாது.

வேலிக்கப்பால் இருந்த வீடுகளுள் ஒன்று இலங்கை. இவ்வீட்டோடு இருந்த பிணக்கு என்ன என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். நாம் பயின்ற கல்லூரியில் வியன்னா மாநாட்டைப் பற்றியும் மெத்தர்னிக் பிரபுவைப் பற்றியும் விரிவாகக் கற்றோம். நமது ஊர் வீதியால் நடந்து போனவர்களைப் பற்றிய ஒப்பந்தத்தையோ, ஒரு வரியில் கற்றுக் கடந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மலைநாட்டில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழகத்து ஏழைகள் தோணியேறி நமது மன்னார்க் கரையில் இறங்கினர். கங்காணி முன்னே செல்ல, மன்னாரிலிருந்து மதவாச்சி வழியாக மாத்தளை நோக்கிக் காட்டுப்பாதையில் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்தவர் பலர். புகையிரதமும் கப்பலும் வந்தபின் மண்டபம் முகாமும் தலைமன்னாரும் அவர்களுக்கு வாயில்களாயின. அவர்கள் நட்ட தேயிலை இந்நாட்டின் செல்வமாயிற்று. மூன்று தலைமுறை கழிந்தது. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு கட்டியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளர் 1952இல் வாக்கற்றோராயினர். 1949ஆம் ஆண்டு இந்திய பாக்கிஸ்தானிய வாசிகள் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரசாவுரிமை வேண்டி விண்ணப்பித்தனர். ஒன்றரை இலட்சத்துக்கும் குறைந்தோருக்கே அது கிடைத்தது. மற்றவர் எந்த நாட்டுக்கும் உரியரல்லர், நாடற்றோர்.

நேருஜியின் நிலை ஒன்றுதான். அவர்கள் இலங்கையில் பிறந்து இலங்கையில் உழைப்பவர். தாமாக விரும்பி இந்தியப் பிரசையாக வருவோரை இந்தியா ஏற்கும். மற்றவர் இலங்கையின் பொறுப்பு. இலங்கையின் நிலையோ, இந்தியா ஏற்காதவரை நாமும் ஏற்கவேண்டியதில்லை என்பது. 1954 ஜனவரியில் நேருஜியும் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். செய்த மை உலருமுன்னரே அதற்குப் பொருள் சொல்வதில் இருவரும் பிணங்கினர்.

இதற்கு அடியில் இன்னும் ஆழமான ஓர் அச்சம் கிடந்தது. சுதந்திரத்துக்கு முன், 1945 அளவில், இலங்கை இந்தியக் கூட்டாட்சியில் ஒரு சுயாட்சிப் பகுதியாகச் சேரக்கூடும் என்று நேருஜி கருத்துத் தெரிவித்திருந்தார். பெரிய நாட்டுக்கு அது பாசம். சிறிய நாட்டுக்கு அது பயம். தோட்டத் தொழிலாளரை இந்தியாவின் முன்னணிப் படை போலச் சிங்களத் தலைவர் சிலர் காணத் தொடங்கினர். அந்தப் பயத்தின் நிழல் நமது கரையில்தான் விழுந்தது. 1950களிலும் 60களிலும் கள்ளக்குடியேற்றத்தைத் தடுக்கவென்று இராணுவமும் கடற்படையும் இங்கே காவல் நின்றன. கள்ளத்தோணி என்ற சொல் ஒரு தோணியின் பெயராயிராது, ஒரு மனிதனை ஏசும் சொல்லாயிற்று. மலைநாட்டுத் தொழிலாளியை ஏசப் பிறந்த சொல், காலப்போக்கில் தமிழ் பேசும் எவனையும் ஏச உதவிற்று என்பதைப் பெரியோர் அறிவர்.

டில்லிக்கும் ஐயம் இருந்தது. 1962இல் சீனா இந்தியாவைத் தாக்கியபோது, உலகின் முதற் பெண் பிரதமராகிய சிறீமாவோ பண்டாரநாயக்க அம்மையார் அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் டிசெம்பர் மாதம் கூட்டி, சமரசத்துக்காகத் தாமே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் சென்றார். நன்முயற்சிதான். ஆனால் சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அவர் சொல்லவில்லையே என்று இந்தியர் பலர் மனம் நொந்தனர். 1963இல் இலங்கை சீனாவுடன் கப்பற் போக்குவரத்து உடன்படிக்கை செய்தபோது, திருகோணமலைத் துறைமுகம் சீனருக்குப் போகப்போகிறதோ என்ற வதந்தியும் எழுந்தது. ஆக, கொழும்பு இந்தியாவின் பருமனைக் கண்டு அஞ்சியது. டில்லி கொழும்பின் நட்பைக் கண்டு அஞ்சியது.

இந்நிலையில் 1964 ஒக்டோபரில் சிறீமாவோ அம்மையார் டில்லி சென்றார். அந்த மாதத்தை நினைவு கூர்தல் வேண்டும். 14ஆந் திகதி ருஷ்யாவில் குருஷ்சேவ் பதவியிழந்தார். 16ஆந் திகதி சீனா தன் முதலாவது அணுகுண்டை வெடித்தது. வடக்கே அணுகுண்டு, மேற்கே பாக்கிஸ்தான். தெற்கே ஒரு நண்பனாவது மனக்குறையின்றி இருக்கட்டும் என்று டில்லி நினைத்ததில் வியப்பில்லை.

ஒரு வாரம் பேச்சு நடந்தது. பேச்சின் பொருள் விரைவில் கொள்கையிலிருந்து எண்ணுக்கு மாறிற்று. நாடற்றோர் 975,000 பேர் என்று வைத்துக்கொண்டனர். எத்தனை பேரை இந்தியா ஏற்பது, எத்தனை பேரை இலங்கை ஏற்பது என்று சந்தையிலே பேசுவதுபோலத் தொகை ஏறியும் இறங்கியும் வந்தது. ஒரு கட்டத்தில் பேச்சு முறியும்போலிருந்தது. ஈற்றில் ஒக்டோபர் 30ஆந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரையும் அவர்களது இயற்கைப் பெருக்கத்தையும் இந்தியா ஏற்கும். 300,000 பேரையும் அவர்களது பெருக்கத்தையும் இலங்கை ஏற்கும். இது பதினைந்து ஆண்டுகளில் நடந்தேறும். அங்கே ஏழு பேர் போக இங்கே நான்கு பேர் பிரசையாவர். எஞ்சிய 150,000 பேரைப் பற்றி உடன்பாடு காண முடியாமையால் அவர்களைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டனர்.

சாஸ்திரியார் இங்கே செய்தது சிறிய காரியமன்று. பதினாறு ஆண்டுகளாக நேருஜி காத்துவந்த நிலையை அவருடைய வாரிசு ஐந்து மாதத்திலேயே தளர்த்தினார். பெரிய நாடு சிறிய நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. இந்தியா தன்னை விழுங்க நினைக்கவில்லை, தன் சொல்லுக்குச் செவிகொடுக்கிறது என்று கொழும்பு முதன்முறையாக நம்பத் தொடங்கியது. 1956இல் சூயெஸ் விவகாரத்தில் நெடுநாள் நண்பர்களான பிரித்தானியாவும் அமெரிக்காவும் பிணங்கி, 1957 மார்ச்சில் பெர்மூடாத் தீவில் மக்மில்லனும் ஐசனோவரும் சந்தித்து மீண்டும் கைகோத்தனர். அதற்குப் பிரித்தானியா கொடுத்த விலை அதன் பெருமிதம்.

டில்லியில் கொடுக்கப்பட்ட விலை எது என்பதே எமது கேள்வி. ஹஸ்ரத்பாலில் ஐயுற்றவர்களை அழைத்துக் கேட்ட அதே சாஸ்திரியார், டில்லியில் தொழிலாளரைக் கேட்கவில்லை. தம் மக்களின் விருப்பத்தைக் கேளாது அவர்களைப் பங்கிட்டனர் என்று தொழிலாளர் தலைவர் தொண்டமான் கண்டித்தார். தமிழர் தலைவர் செல்வநாயகமும் எதிர்த்தார். சென்னை இராச்சியத்திலும் கண்டனம் எழுந்தது. போவது விருப்பத்தின் பேரிலா, கட்டாயத்தின் பேரிலா என்பதைக்கூட ஒப்பந்தம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லவில்லை. கொழும்பு ஒருவாறும் டில்லி வேறொருவாறும் பொருள் கொண்டன. பிரசாவுரிமை பெறும் மூன்று இலட்சம் பேரையும் தனி வாக்காளர் இடாப்பில் சேர்க்கப்போவதாகக் கொழும்பிலிருந்து செய்தி வந்தபோது, டில்லி மீண்டும் முகஞ்சுளித்தது.

சாஸ்திரியார் அன்றி வேறொருவர் இருந்திருந்தால் இதைவிட நன்மை கிடைத்திருக்குமா என்று பெரியோர் சிலர் கேட்கலாம். கிடைத்திராமலும் போகலாம். முட்டுக்கட்டை நீடித்திருந்தால் மூன்று இலட்சம் பேருக்குக் கிடைத்த உரிமையும் கிடையாது போயிருக்கும் என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. அவரது நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு அரசாங்கங்கள் ஒன்றையொன்று நம்புவதற்காக ஐந்து இலட்சம் பேர் வீடு மாறவேண்டியிருந்தது என்பதையும் மறைத்தெழுத எமது பேனா இடந்தரவில்லை.

அந்த ஆண்டு முடியுமுன் இயற்கையும் தன் பங்கைச் செய்தது. டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி வட இலங்கையைக் கடந்து பாக்கு நீரிணையிற் பாய்ந்தது. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதத்தை அலை அடித்துச் சென்றது. அதிலிருந்தவர் அனைவரும் மாண்டனர். நமது கரையும் பேரழிவு கண்டது. பின்னர் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேச்சரத்துக்கும் இடையிலேயே ஓடியது.

1965ஆம் ஆண்டு சாஸ்திரியாருக்கு அமைதியைத் தரவில்லை. ஜனவரி 26ஆந் திகதி இந்தி ஆட்சிமொழியாகும் நாள் வந்தபோது தமிழ்நாடு பொங்கியெழுந்தது, உயிர்கள் பலியாயின. பெப்ரவரியில் அவர் வானொலியிற் பேசி, நேருஜி அளித்த உறுதிமொழி காக்கப்படும் என்று தெரிவித்தார். அவ்வாண்டு உணவுப் பஞ்சமும் நெருக்கியது. வாரத்தில் ஒருவேளை உணவை விடும்படி நாட்டைக் கேட்ட அவர், தம் வீட்டில் அதை முதலில் நடத்தினார். ஆகஸ்டில் காஷ்மீரத்துக்குள் பாக்கிஸ்தானியர் ஊடுருவினர். இந்தக் குள்ள மனிதர் என்ன செய்துவிடுவார் என்று எண்ணியிருந்த அயூப்கான், செப்டெம்பர் 6ஆந் திகதி இந்தியப் படை லாகூரை நோக்கி எல்லை கடந்தபோது திகைத்தார். செப்டெம்பர் 23ஆந் திகதி போர் நின்றது.

சோவியத் பிரதமர் கொசிஜின் இருவரையும் தாஷ்கண்டுக்கு அழைத்தார். 1966 ஜனவரி 4 முதல் 10 வரை பேச்சு நடந்தது. இந்தியப் படையினர் உயிர்கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயையும் திருப்பிக்கொடுக்கச் சாஸ்திரியார் உடன்பட்டார். ஊர் திரும்பினால் கண்டனம் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான அன்றிரவே, 11ஆந் திகதி பிறந்து ஒன்றரை மணியளவில், மாரடைப்பால் உயிர் நீத்தார். நான்கு மாதங்களுக்கு முன்பு அவரோடு போரிட்ட அயூப்கான், கொசிஜினோடு சேர்ந்து அவரது பேழைக்குத் தோள் கொடுத்து விமானம் வரை சென்றார். வீட்டார்க்கு அவர் விட்டுச்சென்ற சொத்தில் கடனுக்கு வாங்கிய ஒரு மோட்டார் காரும், அக்காருக்கான கடனும் அடங்கும்.

தாஷ்கண்டில் அவர் கண்ணை மூடியபோது, இலங்கையோடு செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அதற்கான சட்டம் 1967இலேயே இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. விண்ணப்பம் கோரப்பட்டபோது, தருவதாகச் சொன்ன மூன்று இலட்சத்தைப் போல் இருமடங்குக்கும் மேலானோர் இலங்கைப் பிரசாவுரிமையே வேண்டுமென்று எழுதிக்கொடுத்தனர். 1964இல் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

பின்பு புறப்பாடு தொடங்கிற்று. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் போவோரும் நிற்போரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கதற, வண்டி அசையும். ஒப்பாரிக் கோச்சி என்றே மலைநாட்டு மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர். அந்தக் கோச்சி வந்து நின்ற கடைசித் தரிப்பு நமது தலைமன்னார்ப் பியர். தகரப்பெட்டி, பாய்ச்சுருள், குழந்தை என்று சுமந்தபடி சுங்கச் சோதனைக்கு வரிசையில் நின்று, இராமானுஜம் என்னும் கப்பலில் அவர்கள் ஏறியதை நேரிற் கண்ட பெரியோர் நமது ஊர்களில் உண்டு. அவர்களுடைய பாட்டன்மார் இறங்கிய கரையும் இதுவே. அக்கரையில் மண்டபம் முகாம் காத்திருந்தது. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் தேயிலைத் தோட்டம் நட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். இங்கே இந்தியாக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்களை அங்கே சிலோன்காரர் என்று அழைத்தனர்.

தள்ளிவைக்கப்பட்ட 150,000 பேரை 1974 ஜனவரியில் சிறீமாவோ அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும் பாதி பாதியாக, 75,000 வீதம், பகிர்ந்துகொண்டனர். 1981 ஒக்டோபரில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. 1984இல் யுத்த நிலைமையால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுக் கையில் இருந்தும் போகக் கப்பலின்றிப் பல்லாயிரம் பேர் மலைநாட்டிலேயே தங்கினர். புகையிரதப் பாதையும் போரில் அழிந்தது. இந்திய உதவியோடு அது புதிதாக அமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14ஆந் திகதி இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாருக்கே வந்து வண்டியைக் கொடியசைத்து அனுப்பினார். அவ்வண்டி ஒப்பாரியின்றிப் புறப்பட்டது.

மலைநாட்டில் எஞ்சியிருந்த நாடற்றோரின் கதை 2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. இந்திய வம்சாவளியினரில் ஒரு குறிப்பிட்ட நாள் தொடக்கம் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவருவோரும் அவர்களுடைய சந்ததியாரும் இலங்கைப் பிரசைகளாகலாம் என்பது அதன் ஏற்பாடு. சட்டத்தில் எழுதப்பட்ட அந்நாள் 1964 ஒக்டோபர் 30, சாஸ்திரியார் டில்லியில் கையொப்பமிட்ட நாள்.